கோட்டைத் தரையில் தட்டியவர்

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே இடிந்த கோட்டை. ரோடு அதோடு முடிந்துவிடும். கோட்டை முற்றத்தில் ஒரே ஒரு கூடாரம்... உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது யாருக்கோ எங்கேயோ நடந்ததில்லை. நம் எதிர்வீட்டு டெய்லரம்மா இருக்கிறாளே, அவளுடைய கூடப்பிறந்த தம்பிக்கு நடந்தது. இதே தெருதான், டைல்ஸ் போடுகிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தரையைத் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை பிடிக்காத கல் வேறு மாதிரி ஒலிக்குமாம். மாமனார் வீட்டில் முதல்முதலாகக் காலை வைத்தபோதே தட்டிவிட்டு, "மாமா, இந்த வரிசை பூரா பேந்துடும்" என்ற மகான். தரை மட்டம் பார்க்கிற கருவியின் பேரையே வைத்து, தெருவில் அவருக்குப் பெயரே ரசமட்டம்.

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. தரையோடு பேசுகிற அளவுக்கு மனுஷர் தன்னோடு பேசுவதில்லை என்பது அவள் புகார். நியாயம்தானே? டெய்லரம்மாதான் நடுவில் புகுந்தாள். "எங்கயாவது போய் ஒரு ராத்திரி மனசு விட்டுப் பேசுங்க. அப்பவும் ஒத்து வரலைன்னா நான் குறுக்க வர மாட்டேன்" என்று சொல்லி, இருவரையும் காரில் ஏற்றி அனுப்பினாள். அந்த ஒரு ராத்திரிதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? கூடாரத்துக்கு முளை அடிக்கக் கொண்டுபோன ரப்பர் சுத்தியால் கோட்டைத் தரையைத் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லாக. கூடாரத்துக்குள் வந்தும் விடவில்லை. படுக்கைக்கு அடியில் இருந்த கல் மட்டும்... டொம்.

"கேட்டியா? இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல!" குரலில் அப்படியொரு சந்தோஷம். மறுபடியும் டொக், டொக்.

"இங்கயுமா? அந்தக் கல்லயே கட்டிக்கிட்டு இருங்க" என்று அவள் எழுந்துவிட்டாள். "கீழ டிக்கெட் குடுக்கிற அம்மா ரூம்ல போய்ப் படுத்துக்கிறேன். காலையில வந்து கூப்பிடுங்க. தோணுச்சுன்னா வரேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். போனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அங்கே சிக்னலும் இல்லை.

இவர் மட்டும் படுத்திருந்தார். போய்க் கூப்பிடலாமா, வேண்டாமா... ரோஷம் விடவில்லை. காற்று நின்றது. கூடாரத் துணி அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அலைச் சத்தமும் கேட்கவில்லை.

டொக்... டொக்.

நேராக அவர் முதுகுக்கு அடியில்.

பெண்டாட்டிதான் திரும்பி வந்து, வெளியே உட்கார்ந்து அதே கல்லின் ஓரத்தில் தன்னைப்போலவே தட்டிக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, தப்பு என்னோடதுதான். உள்ள வா."

ஜிப் இழுபடும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் போர்வை மெல்ல அமுங்கியது. ஈரச் சுண்ணாம்பு வாசனை... ரொம்ப நாள் மூடிக்கிடந்த இடத்தின் வாசனை.

"கோபம் போயிடுச்சா?"

"ம்."

"வீட்டுக்கு வந்துடுவியா?"

"ம்." ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. கடல் காற்றில் நடந்து வந்தவளாயிற்றே என்று நினைத்துக்கொண்டார். இருட்டில் கொஞ்சம் அழுதுகூட இருக்கிறார்.

விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். டிக்கெட் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் காரை நிறுத்தவில்லை. எதற்கு நிறுத்த வேண்டும்? பக்கத்தில்தான் அவள் இருக்கிறாளே. அதே முகம். மேலுதட்டில் அதே மச்சம். வழி நெடுகக் கலவையைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவள் கண் கொட்டாமல் கேட்டாள். கட்டின பெண்டாட்டி அதையெல்லாம் இத்தனை ஆசையாகக் கேட்கிறாளே என்று அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அத்தனை மாதம் தனியாகக் கிடந்த மனுஷர்.

சாயங்காலம் கேட்டை யாரோ பிடித்து உலுக்கினார்கள்.

"கதவைத் திறங்க! கூப்பிட வருவீங்கன்னு உக்காந்திருந்தா, அம்போன்னு விட்டுட்டா வந்தீங்க? கண்டவங்ககிட்ட கை நீட்டி பஸ் ஏறி வந்திருக்கேன்!"

செருப்பு அறுந்து, தலை கலைந்து, வாசலில் நின்றாள். தெருவே பால்கனிக்கு வந்துவிட்டது. டெய்லரம்மா கையில் கத்திரிக்கோலோடு ஓடி வந்தாள்.

உள்ளே இவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். அதே முகம். அதே மச்சம். அதே கோபம். திரும்பினார். சோபாவில் அவள்... முகத்தைக் கையில் ஏந்தி, புன்னகையோடு.

"அப்புறம்? சொல்லுங்க..."

கதவின் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிழலை டெய்லரம்மா பார்த்தாளாம். தாழ்ப்பாளில் கை வைத்தபடி வெகு நேரம் நின்றது அந்த நிழல். "திறடா தம்பி" என்று கெஞ்சினாள். தாழ்ப்பாள் அசைந்தது. திறக்கவில்லை... மேல் தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டார்.

"யாரு?" என்று உள்ளே ஒரு பெண் குரல்.

"யாரோ. அட்ரஸ் மாறி வந்திருக்காங்க."

உள்ளே அவள் சிரித்தாள். கேட்டில் நின்றவள் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது அவளுடைய சொந்தச் சிரிப்பு.