மூன்று சாவும் ஒரு சத்தியக் கடதாசியும்

"ஷெல்! பங்கருக்குள்ளை ஓடு!"

அப்பா கத்துகிறார். 1985. செவ்வாய்க்கிழமை காலை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றம். ஆமி இருக்கும் கோட்டைப் பக்கம் 'டும்' என்கிறது. பிறகு கூவல். நான் பங்கர்க் குழிக்குள் விழுகிறேன். தம்பி என் மேல் விழுகிறான். அப்பா வரவில்லை.

புகை விலகுகிறது. கிணற்றடியில் அப்பா கிடக்கிறார். மூச்சில்லை. அம்மா பக்கத்தில் குந்தியிருந்து, சேலைத் தலைப்பால் அவர் முகத்தை மூடுகிறா. அவசரப்படாமல் மூடுகிறா. மறுபடி 'டும்'.

"அம்மா, ஓடி வாங்கோ!"

அம்மா எழும்பவில்லை. அந்த ஷெல் அவவின் மேல் விழுந்தது. தம்பி என் கையை உதறிக்கொண்டு ஓடினான். அடுத்த ஷெல்லின் துண்டு அவன் வயிற்றில். ட்ரக்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அம்மா எங்கே என்று கேட்டான். பின்னால் வருகிறா என்றேன். பாதி வழியில் கேட்பதை நிறுத்திவிட்டான்.

1987. கனடா, ரொறன்ரோ. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடி. எனக்கு முந்தியே கனடாவுக்கு வந்துவிட்ட அண்ணை, மிசிசாகாவிலிருந்து கடதாசியோடு வந்தார். எங்களுக்கு மிஞ்சியது அந்த யாழ்ப்பாணத்து வீடுதான். விற்க வேண்டும். கொழும்புச் சட்டத்தரணி கணக்குப் பார்த்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராகச் செத்தால் சொத்து ஒவ்வொருவர் கையாலும் இறங்கி வருமாம். ஒவ்வொரு முறையும் வழக்கு, முத்திரை, வரி. ஒரேயடியாகச் செத்திருந்தால் ஒரு வழக்கு போதும். கண்ணால் கண்டவள் நான் ஒருத்தி. மூவரும் ஒரே கணத்தில் இறந்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும்.

"ஒரு கையெழுத்துத்தானே. மூண்டு கேஸ் போட்டா வீடு மிஞ்சாது."

"அண்ணை, நான் பாத்தனான்."

"செத்தவை செத்திட்டினம். ஆர் முதல் எண்டு இனி ஆருக்கு என்ன?"

எனக்குப் பற்றி எரிந்தது. ஷெல் அடித்தவனிடம் ஒருவரும் சத்தியம் கேட்கவில்லை. என்னிடம் கேட்கிறார்கள். ஒரே கணம் என்று எழுதினால் அம்மா அந்த முகத்தை மூடவே இல்லை. தம்பி ஒன்றும் கேட்கவே இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுவித்துக் கையெழுத்து வைத்தேன். மூன்று வழக்கும் நடந்தன. வீடு விலைப்பட்டது. வந்த காசு வழக்குச் செலவுக்கே சரி. அண்ணை அதற்குப் பிறகு என் கதவைத் தட்டவில்லை.

இழந்ததைச் சொல்கிறேன். முதலில் அப்பா. பிறகு அம்மா. பிறகு தம்பி. பிறகு வீடு. பிறகு அண்ணை. இந்த ஒழுங்கில்தான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.