இருபது புள்ளி இரண்டு டிகிரி

ஏரித் தண்ணீரின் வெப்பத்தை அளப்பதற்குப் பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வெப்பமானியை இரண்டடி ஆழத்தில் இறக்கி, மூன்று நிமிடம் கை அசையாமல் பிடித்திருந்தால் போதும். பலர் ஒரு நிமிடத்திலேயே தூக்கிப் பார்த்துவிடுவார்கள். நான் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் கை அவசரப்பட்டதில்லை. ஓய்வுபெற்றபின் டிரையத்லான் சங்கத்தில் நீர் அளக்கும் நடுவராகச் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும் நான் ‘தெர்மாமீட்டர் சார்’.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா. நான் மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் படகுக்காரர்மீது ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி, கரையேறி, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிப் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் மூச்சு வாங்க இடைவேளை கிடையாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா நாடுகளும் கூடும் பெரும்போட்டியில் இதற்குப் பெண்கள் பிரிவில் ஐம்பத்துச் சொச்சம் இடங்கள்தான். அந்த இடத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. இரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக, நாடு நாடாகப் பந்தயத்துக்குப் போக வேண்டும். எத்தனையாவதாக வந்தோம் என்பதைப் பொறுத்துப் புள்ளி. அவற்றில் சிறந்தவற்றைக் கூட்டி உலகப் பட்டியல் போடுவார்கள். பெரிய நாடுகள் இரண்டு மூன்று இடங்களை அள்ளிக்கொண்டு போய்விடும். எங்களைப் போன்றவர்களுக்கு, கண்டத்துக்கு ஒன்று என்று ஒதுக்கிய ஒற்றை நாற்காலிதான் மிச்சம்.

அந்த நாற்காலி எங்கள் நாட்டுக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அதில் யார் உட்காருவது என்பதுதான் கேள்வி. சங்கத்தின் விதி எளிமையானது: கடைசிப் பந்தயம் முடிந்ததும் பட்டியலில் யார் மேலே இருக்கிறாரோ, அவர் போவார். மேலே இருந்தவள் நெட்டை. அவளுக்கு முப்பத்தொரு புள்ளி கீழே என் மகள்.

நெட்டை என்பது நாங்கள் வைத்த பெயர். இருபத்து மூன்று வயது. வேறு ஊர்க்காரப் பெண். பயிற்சிக்காக இங்கே வந்தபோது தங்க இடமில்லாமல் தவித்தாள். எங்கள் மாடி அறை காலியாகக் கிடந்தது. என் மகள்தான் அழைத்து வந்தாள். இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். என்னை மாமா என்பாள், என் மகளை அக்கா என்பாள். சைக்கிளிலும் ஓட்டத்திலும் அவளை யாரும் நெருங்க முடியாது. நீச்சல் மட்டும் வராது.

“ஏய் நெட்டை, நீ தண்ணியில நீந்துறியா, தண்ணியோட சண்டை போடுறியா?” என்று என் மகள் கேலி செய்வாள்.

“சண்டைதான்க்கா. அது என்னை விடுறதே இல்ல பாரு.”

இருவரும் அப்படிச் சிரிப்பார்கள். வீடு நிறைந்த மாதிரி இருக்கும். என் மனைவி போனபின் அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. நெட்டைமீது எனக்குப் பிரியம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது பொய்யாகிவிடும்.

ஆனால் என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது. முதல் முறை நான்கு புள்ளியில் வாய்ப்புப் போனது. இரண்டாம் முறை கடைசிப் பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்தோரக் காறையெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் அவள் அழவில்லை. கூரையைப் பார்த்தபடி, “பரவால்லப்பா,” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்தேன். சுளை சுளையாக எடுத்து நார் பிரித்து வைத்தேன். ஒரு தகப்பனால் அதற்குமேல் எதுவும் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் செய்ததெல்லாம் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று கை தட்டியதும், தண்ணீர்ப் போத்தலைப் பிடித்திருந்ததும்தான். இந்த முறை அவள் முழங்கால் வீங்கியிருந்தது. நான்காவது வாய்ப்பு என்ற ஒன்று இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நெட்டைக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் யாரும் அதைப் பேசமாட்டோம்.

அதற்குப் பதிலாக நான் கதை சொல்வேன். மிருகங்களை வைத்து நானே கட்டும் கதைகள். ஒருநாள் ஒரு கொக்கின் கதையைச் சொன்னேன். காட்டில் தீப்பிடித்தபோது சின்ன விலங்குகள் ஏரியைக் கடக்க வேண்டியிருந்தது. ஆழம் பார்த்துச் சொல்லக் கொக்கை அனுப்பினார்கள். கொக்கு தன் கால் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, முழங்கால் அளவுதான் என்றது. அது பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்தைச் சொன்னது. எல்லோரும் இறங்கினார்கள்.

“அப்புறம் முயல் என்ன ஆச்சு மாமா?” என்றாள் நெட்டை.

“கதை அவ்வளவுதாம்மா.”

“போங்க மாமா. எந்தக் கதை சொன்னாலும் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டுத்தான் சொல்றீங்க.”

கடைசிப் பந்தயம் எங்கள் ஏரியிலேயே நடந்தது. உறவினர் பங்கேற்கும் பந்தயத்தில் நடுவராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. செயலாளரிடம் நினைவுபடுத்தினேன். அவர் சிரித்தார். “தண்ணிக்கு ஏது சார் சொந்தக்காரங்க? நீங்க அளங்க,” என்றார். என் கடமையை நான் செய்தேன் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெட்சூட் என்று ஒரு ரப்பர் உடை உண்டு. உடம்போடு ஒட்டியிருக்கும், குளிரைத் தடுக்கும், ஆளை மிதக்கவும் வைக்கும். நன்றாக நீந்துகிறவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. நீச்சல் வராதவருக்கு அது பாதி நீச்சல். தண்ணீர் இருபது டிகிரிக்குக் குறைவாக இருந்தால்தான் அதை அணியலாம். மிகவும் குறைந்துவிட்டால் அணிந்தே ஆக வேண்டும். ஏரியில் மூன்று இடங்களில் அளந்து, மூன்றில் எது குறைவோ அதையே எழுத வேண்டும். அந்த எண்ணை எழுதுகிறவன் நான்.

உடை இல்லாமல் நீந்தினால் நெட்டை நாற்பது நொடி பிந்துவாள். நாற்பது நொடி பிந்தினால், சைக்கிளில் முன்னே போகும் கூட்டத்தைப் பிடிக்க முடியாது. கூட்டத்துக்குள் இருப்பவருக்கு எதிர்க்காற்று பாதி; தனியே மிதிப்பவருக்கு முழுக்காற்று. ஆறேழு இடம் பின்னால் போய்விடுவாள். என் மகளுக்கு ஐந்து இடம் போதும். இதையெல்லாம் பல நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து நான் எடுக்க நினைத்தது நாற்பது நொடி. அதற்குமேல் ஒரு நொடியும் இல்லை.

காலையில் படகுக்காரர், பந்தயத்துக்கென்று இருந்த ஒரே மீட்புப் படகில், என்னை ஏரிக்குள் அழைத்துப் போனார். கரையோரத்தில் இருபது புள்ளி இரண்டு. மறுகரையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். நடுவில், நீந்துகிறவர்கள் சுற்றித் திரும்பும் தூரத்து மிதவைக்கு அருகில், மூன்று நிமிடம் பிடித்திருந்து எடுத்தேன். பதினான்கு புள்ளி ஒன்று. மீண்டும் இறக்கி எடுத்தேன். அதே எண்.

படகுக்காரர் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். அவர் வெப்பமானியைப் பார்க்கவில்லை.

“சார், நடுவுல சில்லுன்னு இருக்கே. மேல அணையில மதகு திறந்திருப்பாங்க போல. அடித்தண்ணி வந்து கலந்திருக்கு.”

“காலையில கைக்கு அப்படித்தான் தெரியும்,” என்றேன்.

“இல்ல சார், இது வேற சில்லுப்பு. இன்னொரு படகு கேட்டு வாங்கலாமா? நான் ஒருத்தன் எத்தனை பேரைப் பாக்கறது?”

“அளவு சரியாத்தான் இருக்கு. தேவையில்ல.”

அவர் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பார். நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். நியாயம்தான், அவர் கையைச் சொல்கிறார், நான் எழுதிய தாள் எண்ணைச் சொல்கிறது. நடுவளவு என்ற கட்டத்தில் இருபது புள்ளி ஐந்து என்று எழுதினேன். குறைந்தபட்சம்: இருபது புள்ளி இரண்டு. கையெழுத்து என்னுடையது.

கரைக்கு வந்தபோது நெட்டை வெட்சூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

“மாமா, தண்ணி எவ்வளவு?”

“இருபது புள்ளி ரெண்டு. சூட் கிடையாதும்மா.”

“ஐயோ மாமா, உங்க வீட்டுப் பொண்ணுக்காக ஒரு அரை டிகிரி குறைச்சுப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “தெர்மாமீட்டர் சார்கிட்டயா கேக்கற?” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அவள் உடையை மடித்துப் பையில் வைத்தாள். நன்றாகவே மடித்தாள்.

ஐம்பத்தொரு பேர் குதித்தார்கள். என் மகள் நான்காவதாகப் போனாள். தூரத்து மிதவையை நெருங்கியதும் கூட்டம் கலைந்தது. குளிர்ந்த நீர் திடீரென்று மார்பில் பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். இது எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் சமாளித்துப் போய்விட்டார்கள். மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். படகுக்காரர் அவர்களிடம் விரைந்தார். மூவரும் படகின் ஒரே பக்கத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். அவரால் நகர முடியவில்லை.

மிதவையின் மறுபக்கத்தில், எல்லோருக்கும் கடைசியாக, நெட்டை இருந்தாள். நான் கரையில் நடுவர் மேடையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நின்றாள். ஒரு கை மேலே வந்தது. பிறகு இறங்கியது.

பந்தயத்தை நிறுத்தும் ஊதல் நடுவர்கள் எல்லோரிடமும் இருக்கும். என் கழுத்திலும் தொங்கியது. ஊதினால் கரையில் இருக்கும் மீட்பர்கள் குதிப்பார்கள். ஆனால் நிறுத்திய பந்தயத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லையென்றால் பட்டியல் பழையபடியே நிற்கும். அந்த நேரத்தில் என் மகள் மிதவையைச் சுற்றிக் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். மிக அழகாக நீந்தினாள். நெட்டை மல்லாந்து மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் செய்யச் சொல்லித்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். என் கடிகாரப்படி ஒரு நிமிடம் பத்து நொடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு யாரோ கூச்சலிட்டார்கள். மீட்பர்கள் குதித்தார்கள். பந்தயம் நிற்கவில்லை.

என் மகள் ஒன்பதாவதாக வந்தாள். நெட்டை மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தாள். நான்காம் நாள் படகுக்காரரைக் கவனக்குறைவு என்று நீங்கள் அழைத்துப் போனீர்கள். அவருக்கு இரண்டு குழந்தைகள் என்று கேள்விப்பட்டேன். இந்தப் பதினொரு நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

இறுதிச் சடங்கு முடிந்து வந்ததும் என் மகள் ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நடுவுல தண்ணி ஐஸா இருந்துச்சு. எனக்கே நெஞ்சு அடைச்சிடுச்சு. நீங்க எங்க அளந்தீங்க?”

“மூணு இடத்துலயும்மா.”

“நடுவுல?”

“நடுவுலயும்.”

என்னைப் பார்த்தாள். குழந்தையாக இருந்தபோதும் அப்படித்தான் பார்ப்பாள், மறுபடி கேட்கமாட்டாள். மறுநாள் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். பெரும்போட்டிக்குப் போகவில்லை, பெயரை எடுத்துவிடுங்கள் என்று சங்கத்துக்கு எழுதிய கடிதம். விலகல் கடிதத்தைக் கையெழுத்தோடு நேரில் சேர்க்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. “அங்க வந்து அவங்க மூஞ்சியைப் பாக்க என்னால முடியாதுப்பா. நீங்களே குடுத்துடுங்க,” என்றாள். சாயங்காலம், “குடுத்துட்டீங்களா?” என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன்.

அந்த உறை இதோ இருக்கிறது. மேசைமேல் வைக்கிறேன். பிரிக்கவில்லை.

முதல் நாளே ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டியாளர் பட்டியல் நேற்று மாலை ஐந்து மணிக்கு மூடியது. இனிமேல் அதில் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது, எடுக்கவும் முடியாது. நான் எழுதிய அளவு தவறுதான். ஆனால் ஐம்பத்தொரு பேருக்கும் ஒரே அளவுதான், முடிவை மாற்ற அதில் காரணமில்லை. அதற்கு முன்னால் வந்து பேசியிருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும். இப்போது படகுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என்னை எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்காருகிறேன். எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான் எனக்காக எதையும் செய்துகொள்ளவில்லை.

அவள் இப்போது கொஞ்சம் சோர்ந்திருக்கிறாள். ஊர் தாண்டிப் போய், அந்த மைதானத்தையும் அத்தனை கொடிகளையும் பார்த்தால் சரியாகிவிடுவாள். இன்று காலை தன் சைக்கிளையும் ஓட்டக் காலணிகளையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை வண்டியில் ஏற்றினாள். நான் தடுக்கவில்லை. பழைய சைக்கிள்தான், பெரும்போட்டிக்கு எப்படியும் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும்.