நாற்பத்தெட்டு வீட்டில் டீ குடித்த இன்ஜினியர்

தியாகராய நகரிலே துணிக்கடை வைத்திருந்தாலும் பட்டினப்பாக்கத்து மக்களுக்காகப் பதறுகின்ற தலைவர் சண்முகசுந்தரம் ஐயா அவர்களே! வலையை உதறிவிட்டு வந்து நிற்கும் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிய கையோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே! இத்தாலியிலே பிறந்து இராயப்பேட்டையிலே வளர்ந்த விழாநாயகர், இன்ஜினியர் ரெனாத்தோ சார் அவர்களே! அலைவாய் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அறிவு உங்களை வணங்கி... வணங்கி... எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

சிரிக்காதீர்கள்! பாராட்டிப் பேச நான்கு பக்கம் எழுதி வந்தேன். மேடை ஏறும்போது சார் ஒரு உறையைக் கொடுத்தார். நம் கட்டடத்தைப் பற்றிய அறிக்கை. படித்ததிலிருந்து தலை சுற்றுகிறது. பாராட்டுவதா? பதறுவதா? என்ன சுலோச்சனா அக்கா? "இன்னா அறிவு, சோடா வோணுமா"வா? வேண்டாம் அக்கா, சோடாவில் தீருகிற மயக்கம் இல்லை இது.

யார் இந்த ரெனாத்தோ? தோல் பதனிடும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த தந்தையின் கைபிடித்து, பதினோரு வயதில் சென்னைக்கு வந்தவர். தந்தை ஊர் திரும்பினார், வளர்ந்துவிட்ட மகன் திரும்பவில்லை. பகலிலே பட்டறை, மாலையிலே பாலிடெக்னிக், பிறகு பொறியியல் கல்லூரி, பன்னிரண்டு ஆண்டு பாடுபட்டுப் பட்டம்! ஏன் சார் போகவில்லை என்று கேட்டேன். "இன்னா நைனா, நம்ம ஊர வுட்டுட்டு எங்க போறது?" என்றார். எது இவர் ஊர்? பிறந்ததா, வளர்ந்ததா? அதிலும் எனக்குக் குழப்பம்தான்.

எட்டு வயதில் அவர் பிறந்த ஊரிலே நிலம் நடுங்கியதாம். பள்ளிக்கூடம் விழுந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்தவன் போய்விட்டானாம். "அந்தச் சுவத்துல முன்னாடியே விரிசல் இருந்துச்சு நைனா. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார். அன்றைக்கே இன்ஜினியராவது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவரைத்தான் நாம் கூப்பிட்டோம். எதற்கு? கட்டடம் உறுதி என்று எழுதிக் கொடுத்தால், பழைய கட்டடம் என்று சாக்குச் சொல்லி நம்மை ஊருக்கு வெளியே யாரும் தள்ள முடியாது என்பதற்கு! நம் பக்கத்து வழக்கம் என்ன? பார்க்க வந்தவர் டீயைத் தொடாமல் போனால் காரியம் கெட்டது. குடித்தால் கையெழுத்து விழுந்த மாதிரி! இவர் நாற்பத்தெட்டு வீட்டிலும் குடித்தார். சுலோச்சனா அக்கா வீட்டில் இரண்டு டம்ளர்! அவ்வளவுதான், பட்டாசு வெடித்தோம், பேனர் கட்டினோம், பொன்னாடை வாங்கினோம். அறிக்கை வரட்டும் என்று ஒருவராவது சொன்னோமா? நான் சொன்னேனா? அவரோ, அறிக்கையைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம் என்று நம்பி வந்திருக்கிறார். பொன்னாடையைப் பார்த்து அவரும் முழிக்கிறார் பாருங்கள்.

"அப்புறம் ஏன் சார் டீ குடிச்சீங்க?" என்று இப்போதுதான் கேட்டேன். "டீ போடச் சொல்ல சமையக்கட்டுக்குள்ள வரலாம்ல? தண்ணி பொழங்குற எடம், அங்கதான் கூரைக்குள்ள இருக்குற கம்பி மொதல்ல துருப்புடிக்கும். மேலயே பாத்துக்கினு இருந்தேன்" என்றார். அட கடவுளே!

கேளுங்கள். 'இக்கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது. இன்றே காலி செய்ய வேண்டும்.' இதுதான் அறிக்கை. அமைதி! பிரபு, நாற்காலியைக் கீழே வை! கடலை விட்டால் பிழைப்பேது என்கிறாய். எனக்கு மட்டும் தெரியாதா? இந்த உறையைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நானே நினைத்தேனய்யா! வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுச் சமையலறைக் கூரையிலே விரல் நுழைகிற விரிசல். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு பூசி மறைத்தவன் இந்த அறிவு. அதற்கு நேர் கீழே நின்றுதான் என் மகள் கயல் தோசை வார்க்கிறாள். தெரிந்தும் நிற்கவைத்தேனே, நான் தகப்பனா?

எங்கே போவோம்? தெரியாது! எத்தனை நாளைக்கு? தெரியாது! இதே மண்ணில் வீடு கேட்டுப் போராடுவோம், கிடைக்குமா? அதுவும் தெரியாது! ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே என் பிள்ளை இனி ஒரு வேளைகூட நிற்கமாட்டாள். ஐயா, அந்தப் பொன்னாடையைச் சாருக்கே போர்த்துங்கள். வாயைத் திறந்தாரே, அதற்கு!

கேட்டவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் என் நன்றி, வணக்கம். கயல், வீட்டுக்குள் போகாதே, அப்பா வருகிறேன். மூன்றாவது மாடியிலிருந்து என் வீட்டுக் கட்டிலை இறக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?