சித்திரையில் எடுத்த படம்

எனக்குப் பச்சை நிறம் என்றால் உயிர், சார். வீட்டுத் திரைச்சீலைகூடப் பச்சைதான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கே காடு கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. இதில் பொய்க்கு இடமே இல்லை. படம் மேலேயிருந்து வருகிறது.

உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர் ஏரியில் மண் சேர்ந்துகொண்டே வந்தது. மேலே நீர் வரும் சரிவுகளில் காட்டை அழித்தது யார் என்று கலெக்டர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். அழித்தது என் அண்ணன் ராஜாராம். ஒரு சரிவு முழுக்கப் புதர்க்காட்டை வழித்துவிட்டுச் சவுக்கு வைத்திருந்தார். என்னைப் படிக்கவைத்த மனுஷன், சார். அவரைக் கைகாட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

சவுக்கு எல்லா மாதமும் பச்சை. அதைக் காடு என்று குறித்தேன், மரம்தானே. அடுத்த சரிவில் இருளர் குடியிருப்பு, சுற்றிலும் நிஜக் காடு. அது சித்திரையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும், மழை விழுந்தால் துளிர்க்கும். பழைய ஆண்டுக்கு மார்கழிப் படம் எடுத்தேன். புது ஆண்டுக்குச் சித்திரைப் படம். இரண்டும் அசல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அங்கே காடே போய்விட்டது.

நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. போனேன். கண்ணகி என்ற பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து தண்ணீர் கொடுத்தாள். மடிக்கணினியை எட்டிப் பார்த்து, "இதுல எங்க வூடு எங்க கீது சார்?" என்றாள்.

ஒரு புள்ளியைக் காட்டினேன்.

"அய்யே, இத்தினிக்கூண்டா?" என்று சிரித்தாள். நல்ல பெண். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

காட்டை அழித்தவர்கள் என்று அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் மாமனார் மாசி என் வாசலுக்கு வந்தார். "நாங்க இன்னா மரத்தயா துன்னுட்டோம்? மழ வுட்டப்புறம் வந்து பாரு சார், எல்லாம் துளுத்துக்கினு நிக்கும். ஒரு வார்த்த சொல்லு சார்."

அறிக்கை போய்விட்டது, என் கையில் ஒன்றுமில்லை என்றேன். பாவம், அழுதார். நான் என்ன செய்ய?

மாற்று இடம் காட்டவும் என்னைத்தான் கேட்டார்கள். மேடான புறம்போக்கு அண்ணனின் சவுக்கை ஒட்டி இருந்தது. அங்கே குடிவைத்தால் நாளைக்கு வம்பு. அதனால் ஏரிக் கலங்கலுக்குக் கீழே, உபரி நீர் போகும் பக்கமாகக் காட்டினேன். கோடையில் அது காய்ந்துதான் கிடக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. சவுக்குச் சரிவில் எங்கும் தங்காமல் தண்ணீர் மொத்தமும் ஏரியில் இறங்கியது, கலங்கல் வழிந்தது. கண்ணகியையும் குழந்தையையும் முள்வேலியிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள். மழையை நான் பெய்யச் சொல்லவில்லை.

ஆமாம், படங்களைத் தேர்ந்தெடுத்தது நான். இடத்தைக் காட்டியது நான். ஆனால் என் அறிக்கை தப்பில்லை, சார். உங்கள் விசாரணைக்கென்றே ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன். பாருங்கள், அவர்கள் இருந்த சரிவு முழுக்கப் பச்சை. ஆள் போனதும் காடு திரும்பிவிட்டது.

இது மார்கழியில் எடுத்த படம்.