ஃபுட்போர்டுல மட்டும் கால வெக்காதீங்க

அட, அதுல கால வெக்காதீங்க தம்பி! ஃபுட்போர்டு லா அது. பாக்கத்தான் கெட்டியா இருக்கும். ஏறணும்னா அந்தப் பக்கமா வாங்க, அங்க இன்னும் கொஞ்சம் இரும்பு மிச்சமிருக்கு.

என்ன முழிக்கிறீங்க? மாமனாரு சீராக் குடுக்கப் போற காராச்சே, ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னு தைப்பிங்லேர்ந்து ரயிலேறி, பெர்ரி ஏறி வந்துட்டீங்க. நல்ல மாப்பிள்ளைதான். பொண்ணப் பாக்க ஒரு தரம், காரப் பாக்க ஒரு தரம். தப்பில்ல. நானும் அப்படித்தான் வந்திருப்பேன், எனக்கு யாரு கார் குடுத்தா?

பளபளன்னு இருக்கா? இருக்கும், இருக்கும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கம்பாங்க. எங்க பக்கிரிசாமி முதலாளி, அதான் உங்க மாமனாரு, பெயிண்ட்ல மறைப்பாரு. கப்பல்ல சரக்கு ஏத்தி எறக்குற காண்ட்ராக்டரு இல்லியா, பத்து வருசமா இந்த வண்டி துறைமுகத்துலயேதான் நின்னுச்சு. உப்புக்காத்து சும்மா போவுமா? மட்கார்ட ஒக்காந்து தின்னுச்சு. முதலாளி, தகட மாத்தணும்னு சொல்வேன். சுலைமான், ஒரு டின் கறுப்புப் பெயிண்ட் வாங்கிக்கம்பாரு. அந்த டிரைவர் சுலைமான் நாந்தான்.

இந்தா, தட்டிப் பாருங்க. இரும்புச் சத்தம் வருதா? எப்படி வரும்? சாக்குத் துணியத் தார்ல நனைச்சு ஓட்டையில திணிச்சு, மேல பட்டி பாத்து, அதுக்கும் மேல பெயிண்ட். பம்பரு கம்பி கட்டி நிக்குது. ஃபுட்போர்டுக்கு அடியில மீன் பெட்டிப் பலகை. ஹாரன் மட்டும் புதுசு. ஊரே அதிரும், அப்படியே எங்க முதலாளி மாதிரி.

பரவால்லயா? தகட மாத்திக்குவீங்களா? அலாமாக், பொறுமைசாலி லா நீங்க.

எனக்கு வேல போயிடாதான்னா கேக்குறீங்க? போவட்டும். அத விடுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். பொண்ணு பாக்க வந்தீங்களே, காப்பிய யாரு கொண்டாந்தாங்க? அம்மாதான், இல்ல? பொண்ணு நவமணி பாய்ல உக்காந்திருந்துச்சு. நீங்க வரும்போதும் உக்காந்திருந்துச்சு, போவும்போதும் உக்காந்திருந்துச்சு. என்னா அடக்கம்னு உங்கம்மா மெச்சிக்கிட்டாங்களாம். அடக்கமாம்! எந்திரிச்சே தொலைச்சுடாதன்னு முதலாளி போட்ட சத்தம் எனக்கில்ல தெரியும்.

போன தீபாவளி அன்னிக்கு, நவமணி கோயிலுக்குக் கெளம்புச்சு. புதுப் பெயிண்ட் அடிச்ச ஃபுட்போர்டு, நம்பி ஏறுச்சு. தகடு பொளந்து கால் உள்ள போயிடுச்சு. குதிகால் நரம்பு அறுந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. இப்ப இடது கால இழுத்துத்தான் நடக்கும். முதலாளி சும்மா இருப்பாரா? மகளுக்குத் தரையக் கூட்டுற மாதிரி நீளமாப் பொடவ கட்டிவிடச் சொன்னாரு, ஃபுட்போர்டுக்கு அடியில அந்த மீன் பெட்டிப் பலகையச் சொருகி இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிக்கச் சொன்னாரு.

மொதல்ல அடிச்சது யாருன்னா கேக்குறீங்க? இந்தக் கைதான் தம்பி. உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். சோறு எறங்கல எனக்கு, இன்னிக்கு வரைக்கும்.

இருந்தாலும் இவ்வளவு பேச எனக்கு எங்க தைரியம்? காலையில நவமணிதான் கூப்பிட்டுச் சொல்லுச்சு. சுலைமாண்ணே, இன்னிக்கு அவரு வராரு, கார முழுசாக் காமிச்சுடுங்க, அப்பறம் நான் வரேன்னு.

அதோ, கதவு தொறந்துடுச்சு. படியில யாரும் கை குடுக்கக் கூடாதுன்னுட்டுச்சு. பொடவைய வேற கொஞ்சம் தூக்கிச் சொருகியிருக்கு, பாத்தீங்களா? கார விடுங்க தம்பி. இந்தப் பக்கம் திரும்புங்க. நடந்து வருது.