வராத பன்னிரண்டு பேரையும் கணக்கில் சேர்த்த சிஸ்டர் ஜாய்ஸ் அவர்களுக்கு

செங்கல்பட்டுச் சீமையின் செவிலியர் திலகமே, சிறுநீரகப் புற்றுநோயோடு வந்த சின்னஞ்சிறார்க்கெல்லாம் சிரித்த முகம் காட்டிய சீர்மிகு அம்மையே, வணக்கம்!

பாராட்டு மடலில் பொய் கொஞ்சம் கலக்கலாம் என்பார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் உங்களிடம் அது செல்லாது என்பது எங்களுக்குப் பட்டுத் தெரியும்.

ஈராண்டுக்கு முன், இந்நோயை நாடுவாரியாக ஒப்பிடும் வெளிநாட்டு மருத்துவர்கள் நம் வார்டின் கணக்கைக் கேட்டார்கள். வசதியான நாடுகளில் இந்நோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நாம் மட்டும் சளைத்தவர்களா? எட்டு ஆண்டுகளில் வந்த நாற்பத்தொரு குழந்தைகளில், சிகிச்சையைப் பாதியில் விட்ட பன்னிரண்டு பேரை மெல்ல நீக்கினோம். மீதி இருபத்தொன்பதில் இருபத்தாறு பேர் நலம். நாமும் பத்துக்கு ஒன்பது! அந்த மகிழ்ச்சியில் வடை வாங்கிச் சாப்பிட்டோம். நீங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு வடையைக் கீழே வைத்தீர்கள். “வராத புள்ளைங்கள எங்க வெச்சிக்கீறீங்க?” என்றீர்கள். அட்டவணையைத் தட்டச்சு செய்த கைதான் இம்மடலையும் எழுதுகிறது.

விடுப்பெடுத்துப் பேருந்தேறி, பன்னிரண்டு வீடுகளுக்கும் போனீர்கள். திருவிடந்தையில் ரெபேக்காள் சுவரில் மாலையோடு இருந்த மகன் படத்தைக் காட்டி, “அப்பவே வந்திருக்கக் கூடாதா சிஸ்டர்?” என்றார். அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். அப்படி எட்டு வீடுகள். மூன்று வீடுகளில் பிள்ளைகள் தெய்வாதீனமாகப் பிழைத்திருந்தார்கள்.

கடைசி வீடு மதுராந்தகத்தில், நெல் மூட்டை ஏற்றும் ஆனந்தனுடையது. மகள் ஜெயப்பிரியாவுக்கு நான்கு வார ஊசியில் கட்டி சுருங்கியதும், குணமாகிவிட்டதென்று மொட்டை போட்டு வேண்டுதலை முடித்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வரவில்லை. மிச்சமும் கரையட்டும் என்று தினமும் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவிக்கொண்டிருந்தார்கள். அழுத்தினால் அக்கட்டி உள்ளேயே உடையக்கூடும். “வயிறுதான் வத்திப்போச்சே, இன்னும் இன்னா கீது?” என்றார் ஆனந்தன். “உள்ளாற கீது நைனா. மொதல்ல கைய எடு,” என்றீர்கள். அன்றே அழைத்து வந்தீர்கள்.

அவளையும் சேர்த்து நாற்பத்தொருவரில் முப்பது பேர் நலம். பத்துக்கு ஏழுதான். வெட்கத்தோடு உண்மைக் கணக்கை அனுப்பினோம். மருந்து பெரும்பாலும் அங்கும் இங்கும் ஒன்றே. நம் குழந்தைகள் முற்றிய பின் வருவதும், பாதியில் நின்றுபோவதும்தான் வித்தியாசம் என்பதை உங்கள் நோட்டில்தான் படித்தோம். குறித்த தேதியில் குழந்தை வராவிட்டால் மறுநாளே ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அன்று நீங்கள் போட்ட சட்டம். அதன்பின் ஒரு குழந்தையும் நம் கையை விட்டுப் போகவில்லை.

ஜெயப்பிரியா இப்போது இரண்டாம் வகுப்பு. முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள், இம்மடலை உங்கள் கையில் தரப்போவது அவள்தான்.

நடையாய் நடந்த உங்கள் கால்கள் இனி ஓய்வு காணட்டும். நோயற்ற நெடுவாழ்வு உங்களுக்கு வாய்க்கட்டும். உங்களைப் பிரிவது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கீழே ஒரு கையொப்பம் குறைகிறது, பொறுத்தருளுங்கள். ஊரப்பாக்கத்துக் குழந்தை ஆல்வின் நேற்று வரவில்லை. குமார் காலை ரயிலில் போயிருக்கிறார்.

இங்ஙனம்,
குழந்தைகள் புற்றுநோய் வார்டு ஊழியர்கள்

திருநாவுக்கரசு
பார்வதம்
செங்கல்வராயன்
குமார் ______ (ஆல்வினோடு வந்ததும்)