தள்ளுபடி காருக்குச் சொந்தமில்லை

கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர், இன்சூரன்ஸ் தள்ளுபடி காருக்குக் கிடைப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாசலில் நிற்கும் அந்த வெள்ளைக் கார் உங்களுடையது என்றால், அதன் பாலிசியை நீங்கள் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. என் வகுப்புக்கு வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள்.

நான் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் புதிய ஏஜென்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். உங்கள் உதவியாளர் வழக்குத் தாளின் மேலே 'சொத்துக்காக' என்று எழுதியிருக்கிறார். அதைத் திருத்தத்தான் நானாகவே இங்கு வந்தேன். வீடு அக்காவுக்கும் எனக்கும் பொது. மாடியில் அவள், கீழே நான். மழை பெய்தால் ஒழுகும் அந்த மாடிக்காக ஒருவன் இப்படிச் செய்வான் என்று நினைப்பதற்குத் தனிச் சோம்பேறித்தனம் வேண்டும். சரியான காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வருடம் முழுவதும் நீங்கள் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை என்றால், அடுத்த வருடப் பிரீமியத்தில் நிறுவனம் கொஞ்சம் குறைக்கிறது. அடுத்த வருடமும் கேட்கவில்லையா, இன்னும் கொஞ்சம். இப்படியே ஏறி ஏறிப் பாதி வரைக்கும் வந்து நிற்கும். ஒரே ஒரு முறை க்ளெய்ம் போட்டால் அத்தனையும் பூஜ்யம். மறுபடி தரையிலிருந்து ஏற வேண்டும். மனிதன் உருவாக்கியவற்றில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. சும்மா இருப்பதற்குச் சன்மானம்.

இது காருக்கு அல்ல, ஆளுக்கு. காரை விற்றாலும் தள்ளுபடி உங்களோடு வரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் உட்காரும். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டும். ஒன்றை ஒழுங்காக ஓட்டிவிட்டு இரண்டிலும் சலுகை கேட்கிற புத்திசாலிகள் எங்கள் அலுவலகத்துக்கு மாதம் நாலு பேர் வருவார்கள். கோட்டு போட்டவர்கள், டாக்டர்கள். அவர்களுக்குப் பலகையில் இரண்டு கார் வரைந்து காட்டுவேன். அப்போதும் சிலர், "ரெண்டும் ஒரே வீட்லதானே சார் நிக்குது" என்பார்கள்.

எங்கள் வீட்டிலும் இரண்டு கார்தான். அக்காவுடையது சின்ன நீலக் கார். அவள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவாள். ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, ஆட்டோ நுழையாத சந்தில்கூட நுழைந்து திரும்பும் திறமை அவளுக்கு இருந்தது. அந்தக் காரில் ஒரு கீறல் கிடையாது. தள்ளுபடி உச்சியில் இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. வருடா வருடம் நான்தான் அவள் பாலிசியைப் புதுப்பித்துக் கொடுப்பேன். தாளை வாங்கிப் பார்க்காமலே அலமாரியில் போடுவாள்.

என்னுடைய தள்ளுபடி பூஜ்யத்தில் இருந்தது. ஒருமுறை விளக்குக் கம்பம், ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் வேன், ஒருமுறை பழுது பார்க்கக் கொண்டுபோன ஒர்க்ஷாப்பின் கேட். மூன்றிலும் தவறு எதிர்த்தரப்பினுடையது. அந்தக் கம்பத்தை எந்த மடையன் அங்கே நட்டான் என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

அக்கா என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவாள். "பாடம் நடத்துறவன் நீ, பாஸானவ நான்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. தெரியாதவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தள்ளுபடியின் ஒவ்வொரு விதியும் அறிந்தவனிடம் ஒன்றுமில்லை. ஒன்றும் அறியாதவளிடம் முழுதும் இருக்கிறது. நான் புதுக் கார் வாங்கியபோது, அவளுடைய தள்ளுபடியை என் பேருக்கு மாற்ற வழி உண்டா என்று தேடினேன். உயிரோடு இருப்பவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது, உடன்பிறந்தவருக்கும்கூட. ஒரே ஒரு விலக்கு, உரியவர் இறந்தால் வாரிசுக்குப் போகும். அப்பா அம்மா இல்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இதை அப்போது ஒரு தகவலாக மட்டுமே மனதில் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவள் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் மோதிவிட்டாள். பம்பர் உள்ளே போயிருந்தது, ஒரு விளக்கு உடைந்திருந்தது. அதிகமில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டினாள், ஏதோ விளையாட்டுச் சாமான் காட்டுவதுபோல.

"கடைசில நானும் உன் கட்சில சேந்துட்டேன்டா. இதுக்கு க்ளெய்ம் போட்டுரலாமா? வருஷா வருஷம் கட்டுறேன், ஒரு தடவையாவது அவங்ககிட்ட வாங்கிப் பாக்கலாமே."

இத்தனை வருட ஏற்றத்தை ஒரு பிளாஸ்டிக் பம்பருக்காகத் தரையில் போட்டு உடைக்கப் பார்த்தாள். அன்று மாலை அவளுக்கு அடிப்படையிலிருந்து விளக்கினேன். காகிதத்தில் படிக்கட்டு வரைந்து காட்டினேன். அவள் கொட்டாவி விட்டாள். "சரிடா வாத்தியாரே, போதும், தலை வலிக்குது" என்று மாடிக்குப் போனாள். சிறிது நேரத்தில் அவள் பம்பர் ஒடுக்கெடுக்கும் டிங்கரிடம் போனில் பேசுவது கேட்டது. காலையில் வந்து பாருங்கள் என்றாள். அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் என் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் நான் பேசி முடிக்கும்முன் அந்த வண்டியைத் தொடக் கூடாது என்று, சாவியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அது சின்ன வயதிலிருந்தே. இன்ஹேலரை எப்போதும் காரிலேயே விட்டுவிடுவாள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

காலையில் அவள் சாவியைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். மூச்சு ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது. நான் கார் அருகில் நின்றிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"டேய், சாவியக் குடு. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு, அந்த க்ளெய்ம்..."

முதலில் நான் முடித்துவிடுகிறேன் என்றேன். ஒரு பாடத்தை நடுவில் நிறுத்தினால் கேட்பவருக்குப் பாதிதான் தங்கும், அது ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட மோசம். படிக்கட்டிலிருந்து தொடங்கினேன். அவள் காரின் மேல் சாய்ந்தாள். பிறகு சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். கையை உயர்த்தினாள். என் வகுப்பில் கையை உயர்த்தினால் சந்தேகம் என்று பொருள். இரண்டு கார் விஷயம்தான் எல்லோரையும் குழப்பும் என்பதால் அதை மறுபடி விளக்கினேன். அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள், கண்ணாடியைத் தட்டினாள்.

இன்ஹேலர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். கண்ணாடி வழியே பார்த்தேன், கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. இதை நான் மறைக்கவில்லை, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் உதடு நிறம் மாறத் தொடங்கியபோது நான் வாரிசு பற்றிய பகுதிக்கு வந்திருந்தேன். சாதாரணமாக அந்தப் பகுதியை மாணவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம், கண்முன் உதாரணம் கிடைக்காது. அன்று நிதானமாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பிறகு கதவைத் திறந்து இன்ஹேலரை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

மறுநாளே தள்ளுபடி மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். கவுன்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த மாற்றத்துக்குக் காலக்கெடு என்று ஒன்று இருப்பது அவளுக்கே தெரியவில்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது டிங்கர் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாராம். "உள்ள சார் பாடம் நடத்திட்டிருந்தாரு, நடுவுல போகக் கூடாதுன்னு நின்னேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் இதுவரை சந்தித்தவர்களில் காத்திருக்கத் தெரிந்த ஒரே மனிதர்.

அதோடு, அக்கா முந்தின நாள் போனில் அவரிடம் சொன்னதாக இதையும் படித்தீர்கள்: "க்ளெய்மெல்லாம் வேணாங்க, கைக்காசு குடுத்துடறேன். தம்பி அந்தத் தள்ளுபடி மேல உசிரையே வச்சிருக்கான். காலைல அவன்கிட்ட சொல்லிக்கறேன்."

அப்படியானால் மாலையில் நான் நடத்திய பாடம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அது எனக்குத் திருப்திதான். ஆனால் இவ்வளவு சின்ன விஷயத்தை அவள் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். யார் பேசினாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பது வழக்கம்.